எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு: லூப்பில் சிக்காமல், செஷனைத் தொலைக்காமல் ரீடைரக்ட் செய்வது எப்படி

திறந்த எச்டிடிபி இணைப்பில் வரும் எல்லாரையும், குறியாக்கம் செய்த எச்டிடிபிஎஸ்ஸுக்கு ரீடைரக்ட் செய்வது, அதாவது தானாகத் திருப்பிவிடுவது, ஒரு வரி வேலை போலத்தான் தெரியும். அந்த வரியைச் சேர்த்த பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, அளவுக்கு அதிகமான ரீடைரக்ட் என்று சொல்லி பிரவுசர் கைவிரித்துவிடுகிறது. இன்னொன்று, லாகின் செய்தவர் அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறுபடியும் லாகின் கேட்கிறது.

முதலாவது, கோரிக்கை எந்த இணைப்பில் வந்தது என்று அப்ளிகேஷனுக்குத் தெரியாததால் வருவது. இரண்டாவது, பயனரை இரண்டு இணைப்புக்கும் நடுவே அங்குமிங்கும் அலைய விடுவதால் வருவது. இரண்டையும் வரிசையாகத் தீர்ப்போம். அதற்கு முன் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: இது ஒருவழிப் பாதை. பாதுகாப்பான பக்கத்துக்கு வந்தவரைத் திரும்ப எச்டிடிபிக்கு அனுப்பப் போவதில்லை.

ஏன் திரும்பி வரக்கூடாது

லாகின் பக்கமும் பணம் கட்டும் பக்கமும் மட்டும் எச்டிடிபிஎஸ், மற்றதெல்லாம் எச்டிடிபி என்று வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. குறியாக்கம் சர்வருக்குச் சுமை, சான்றிதழுக்குக் காசு என்று அன்றைக்குக் காரணம் சொன்னார்கள். ஆனால் கடவுச்சொல்லைப் பூட்டி வைத்துவிட்டு, அதற்கு ஈடான செஷன் குக்கீயை (லாகின் செய்தவரை அடையாளம் காட்ட பிரவுசர் அனுப்பும் சிறு குறிப்பை) ஒவ்வொரு பக்கத்திலும் திறந்த இணைப்பில் அனுப்பினால் என்ன பயன்? 2010இல் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி இதைத்தான் காட்டிக் கொடுத்தது. பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் செஷன் குக்கீயைப் பிடித்து, ஒரே கிளிக்கில் அவருடைய கணக்குக்குள் நுழைய முடிந்தது.

பாதுகாப்பை விடுங்கள், இந்தக் கலப்பு முறை ஒழுங்காக வேலையும் செய்யாது. ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வரை எடுத்துக்கொள்வோம். எச்டிடிபிஎஸ் வழியே செஷன் உருவானால் அதன் குக்கீ தானாகவே செக்யூர் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே அனுப்பு) என்ற அடையாளத்தோடு போகும். பயனரை நீங்கள் எச்டிடிபி பக்கத்துக்குத் திருப்பினால் பிரவுசர் அந்தக் குக்கீயை அனுப்பாது. குக்கீ இல்லாததைப் பார்த்த சர்வர், ஆள் புதிது என்று இன்னொரு செஷனைத் தொடங்கி அதே பெயரில் குக்கீ வைக்கப் பார்க்கும். இங்கே இன்னொரு முடிச்சு: பாதுகாப்பான இணைப்பில் வைத்த செக்யூர் குக்கீயை, பாதுகாப்பற்ற இணைப்பில் வரும் பதில் மேலெழுத இன்றைய பிரவுசர்கள் விடுவதில்லை. புதுக் குக்கீ நிராகரிக்கப்படும். அடுத்த கோரிக்கைக்கும் குக்கீ இருக்காது, சர்வர் மறுபடி ஒரு செஷனைத் தொடங்கும். பயனர் கண்ணுக்கு, கார்ட்டில் போட்டதெல்லாம் காணாமல் போயிருக்கும்.

இதற்குக் கையோடு கிடைக்கும் "தீர்வு", செக்யூர் அடையாளத்தை எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் புகார் நிற்கும், ஃபயர்ஷீப் காலத்து ஓட்டை திரும்ப வரும். செஷனை எச்டிடிபிஎஸ்ஸிலேயே தொடங்கி அங்கேயே முடிப்பதுதான் சரியான வழி.

படி 1: பெயர்களையும் சான்றிதழையும் சரிபாருங்கள்

உங்கள் தளம் எந்தெந்தப் பெயர்களில் திறக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: வெறும் டொமைன், டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தது, பழைய டொமைன் இருந்தால் அதுவும். ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும். வெறுமனே வேறு பெயருக்கு ரீடைரக்ட் ஆகப் போகிற பெயருக்குக்கூட வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். எச்டிடிபிஎஸ் இணைப்பில் முதலில் நடப்பது டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது சான்றிதழைக் காட்டிக் குறியாக்கத்தைத் தொடங்கும் பேச்சு. ரீடைரக்ட் என்பது அதற்குப் பிறகு வருகிற பதில். சான்றிதழ் பொருந்தவில்லை என்றால் பயனர் எச்சரிக்கைப் பக்கத்தோடு நின்றுவிடுவார், உங்கள் ரீடைரக்ட் அவரை எட்டவே எட்டாது.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுவெள்ளோட்டத்துக்கு வந்தபிறகு, சான்றிதழுக்குச் செலவாகும் என்ற வாதமும் போயிற்று. அதில் எச்டிடிபி வழிச் சரிபார்ப்பைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு, எச்டிடிபிக்கான 80 போர்ட்டில்தான் வந்து தட்டும். ரீடைரக்ட் இருந்தால் அதைப் பின்தொடர்ந்து போகும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து 80 போர்ட்டையே மூடிவிட்டால் புதுப்பித்தல் ஓசையில்லாமல் நின்றுபோகும், சான்றிதழ் காலாவதியாகும் நாளில்தான் தெரியவரும்.

படி 2: ரீடைரக்ட் போடுவதற்கு முன் தளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள்

இந்த நிலையில் இரண்டு இணைப்பும் திறந்தே இருக்கட்டும். எச்டிடிபிஎஸ் முகவரியை நீங்களே தட்டி, பிரவுசரின் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போங்கள். பாதுகாப்பான பக்கத்துக்குள் எச்டிடிபி முகவரியில் ஸ்கிரிப்டோ ஸ்டைல்ஷீட்டோ இருந்தால் பிரவுசர் அதைத் தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் செய்யும் ஃபெட்ச் அழைப்புகளுக்கும் இதே கதி. வெப்சாக்கெட் பயன்படுத்தினால் அதன் பாதுகாப்பான வடிவத்துக்கு முகவரியை மாற்றுங்கள்.

டெம்ப்ளேட்டுகளைத் திருத்துவது சுலபம். சிக்கல் டேட்டாபேஸில் இருக்கும். வருடக்கணக்காக எடிட்டரில் ஒட்டப்பட்ட கட்டுரைகளுக்குள் முழு எச்டிடிபி முகவரியோடு படங்கள் குவிந்திருக்கும். அவற்றைத் திருத்தி முடிக்கும்வரை, சர்வரின் பதிலோடு போகும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி ஹெடரில் பாதுகாப்பற்ற கோரிக்கைகளை மேம்படுத்தச் சொல்லும் கட்டளையைச் சேர்த்தால், பிரவுசரே அந்த முகவரிகளை எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றிக் கேட்கும். மறுமுனை சர்வருக்கு எச்டிடிபிஎஸ் தெரியாவிட்டால் படம் வராது, அவ்வளவுதான்.

படி 3: ரீடைரக்டை எங்கே வைப்பது, எந்த எண்ணில் வைப்பது

முடிந்தவரை முன்வரிசையில் வையுங்கள். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் இருந்தால் அங்கே, இல்லையென்றால் வெப் சர்வரில், அதுவும் கைவசம் இல்லையென்றால் மட்டும் அப்ளிகேஷன் கோடில். கோடு வரைக்கும் வந்த கோரிக்கை அதற்குள் பாதி வேலையைச் செய்து முடித்திருக்கலாம்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் 80 போர்ட்டுக்குத் தனியாக ஒரு சர்வர் பிளாக் எழுதுங்கள். அதற்குள் 301 (நிரந்தர ரீடைரக்ட்) ரிட்டர்ன் வரி ஒன்று போதும். ரீரைட் விதிகளும் இஃப் நிபந்தனைகளும் தேவையில்லை. முகவரியின் மீதிப் பகுதியைக் கடத்த, ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ என்ற மாறியைப் பயன்படுத்துங்கள். வெறும் யூஆர்ஐ என்ற மாறியில் கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதி வராது. போதாக்குறைக்கு அது குறிவிலக்கப்பட்ட வடிவம் என்பதால், வரிமுறிவைத் திணித்து உங்கள் பதிலுக்குள் வேறு ஹெடரை நுழைக்கவும் வழிவிடும்.

அப்பாச்சியில் 80 போர்ட் வர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் ரீடைரக்ட் பெர்மனன்ட் கட்டளை போதும், பாதையையும் கேள்வி அளபுருக்களையும் அதுவே எடுத்துச் செல்லும். ஆனால் இலக்கு முகவரியின் கடைசியில் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். சாய்கோட்டை விட்டால், தொடர்பு என்ற பக்கத்தைக் கேட்டவருக்கு டொமைன் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு டொமைனின் முகவரி போகும். முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

எங்கே எழுதினாலும், இலக்கில் உங்கள் டொமைன் பெயரை நேரடியாக எழுதுங்கள். கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரில் வந்ததை அப்படியே திருப்பி எழுதுவது வசதிதான். ஆனால் அந்த ஹெடரில் யாரும் எதையும் எழுதி அனுப்பலாம். நடுவில் ஒரு கேஷ் இருந்து, அந்தப் பதிலைச் சேமித்து மற்றவர்களுக்கும் கொடுத்தால், உங்கள் பயனர்கள் யாருடைய தளத்துக்கோ போய்ச் சேர்வார்கள். பல பெயர்கள் தேவைப்பட்டால் அனுமதிப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்கள். 301 நிரந்தரம், 302 தற்காலிகம். இரண்டுமே போஸ்ட் கோரிக்கையைக் காப்பாற்றாது. ஃபார்ம் நிரப்பி அனுப்பியதை பிரவுசர் கெட் கோரிக்கையாக மாற்றிவிடும், நிரப்பியது போய்விடும். முறையும் உள்ளடக்கமும் அப்படியே போக வேண்டுமென்றால் தற்காலிகத்துக்கு 307, நிரந்தரத்துக்கு 308. ஏஎஸ்பி டாட்நெட் கோர் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கின் ரீடைரக்ட் மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து போகும் இடைநிலைக் கோடு) இயல்பாகவே 307தான் அனுப்பும். ஆனாலும் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 308 வந்து சேர்வதற்கு முன்பே அந்த ஃபார்மின் விவரங்கள் ஒருமுறை திறந்த இணைப்பில் போய்விட்டன. ஃபார்மின் இலக்கு முகவரியைத் திருத்துவதுதான் உண்மையான வேலை.

முதல் சில நாட்களுக்கு 302 போட்டு ஓட்டுங்கள். 301ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான முகவரிக்கு 301 அனுப்பிவிட்டு சர்வரில் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோன பயனரின் பிரவுசர் உங்களைக் கேட்காமலேயே பழைய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

படி 4: லூப்பை அவிழ்ப்பது

அதிக நேரத்தைத் தின்னும் இடம் இதுதான். ஒரு கோரிக்கையின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

பயனர் எச்டிடிபிஎஸ் முகவரியைத் திறக்கிறார். இணைப்பு லோடு பேலன்சரின் 443 போர்ட்டில் முடிகிறது, குறியாக்கம் அங்கேயே அவிழ்க்கப்படுகிறது. அங்கிருந்து உள் நெட்வொர்க்கில் சாதா எச்டிடிபியாக, 8080 போர்ட்டில் இருக்கும் அப்ளிகேஷனுக்குப் போகிறது. அப்ளிகேஷன் பார்க்கிறது: வந்தது எச்டிடிபி. "பாதுகாப்பற்ற இணைப்பு, எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்று 301 அனுப்புகிறது. பிரவுசர் சொல்பேச்சு கேட்டு அதே எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திரும்ப வருகிறது. லோடு பேலன்சர் அவிழ்க்கிறது, அப்ளிகேஷன் அதே பதிலைச் சொல்கிறது. குரோம் 20 ரீடைரக்ட் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

லூப்பை அடையாளம் காண எளிய வழி: பதிலில் வரும் லொகேஷன் ஹெடரில் இருக்கும் முகவரியும் நீங்கள் கேட்ட முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், சிக்கல் ப்ராக்ஸிக்கு (நடுவில் நிற்கும் சர்வர், இங்கே லோடு பேலன்சர்) பின்னால் இருக்கிறது.

தீர்வுக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, பயனர் எந்த இணைப்பில் வந்தார் என்பதை ப்ராக்ஸி, எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற ஹெடரில் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டாவது பாதி, அப்ளிகேஷன் அந்த ஹெடரை நம்ப வேண்டும். இயல்பில் அது நம்பாது, நம்பவும் கூடாது. நம்பச் சொல்லும் வழி ஃபிரேம்வொர்க்குக்கு ஃபிரேம்வொர்க் மாறும்: ஜாங்கோவில் செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர் என்ற அமைப்பு, எக்ஸ்பிரஸில் டிரஸ்ட் ப்ராக்ஸி, ஏஎஸ்பி டாட்நெட் கோரில் ஃபார்வர்டட் ஹெடர்ஸ் மிடில்வேர். இந்தக் கடைசியில் வரிசை முக்கியம்: ரீடைரக்ட் மிடில்வேருக்கு முன்னால் அது வர வேண்டும், பின்னால் வைத்தால் லூப் அப்படியேதான் இருக்கும்.

நம்புவதற்கும் ஒரு நிபந்தனை. வெளியிலிருந்து பயனரே அந்த ஹெடரை இட்டு அனுப்பினால் ப்ராக்ஸி அதை அழித்துவிட்டுத் தன் மதிப்பை எழுத வேண்டும். அதோடு, ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேராக அப்ளிகேஷனின் போர்ட்டுக்கு யாரும் வர முடியாதபடி அடைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், சாதா எச்டிடிபியில் வந்துவிட்டு எச்டிடிபிஎஸ் என்று சொல்லிக்கொள்பவரை உங்கள் அப்ளிகேஷன் நம்பிவிடும்.

தளத்துக்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸிச் சேவையான கிளவுட்ஃபிளேரைப் பயன்படுத்துபவர்களுக்கு இதே லூப் வேறு வாசல் வழியாக வரும். ஃபிளெக்சிபிள் என்ற நிலையில் அது உங்கள் சர்வரோடு எச்டிடிபியில்தான் பேசும். உங்கள் சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினால் சுற்று தொடங்கிவிடும். ஹெடரை நம்பவைத்து இதை ஒப்பேற்றலாம்தான், ஆனால் உங்கள் சர்வருக்கும் கிளவுட்ஃபிளேருக்கும் நடுவே எல்லாம் திறந்தபடி போய்க்கொண்டிருக்கும். பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நம்பும் பயனருக்கு இது தெரியாது. சர்வரிலும் சான்றிதழ் வைத்து, ஃபுல் ஸ்ட்ரிக்ட் நிலைக்கு மாற்றுங்கள்.

லூப் தீர்ந்தபிறகு சில நேரம் தளமே விழும். காரணம் ஹெல்த் செக். லோடு பேலன்சர் உள் போர்ட்டில் எச்டிடிபியில் கேட்டு 200 எதிர்பார்க்கும். அதற்கும் நீங்கள் 301 கொடுத்தால், சர்வர் படுத்துவிட்டது என்று முடிவுகட்டிப் பயனர்களை அனுப்புவதை நிறுத்திவிடும். அந்த ஒரு பாதைக்கு மட்டும் ரீடைரக்டிலிருந்து விலக்கு கொடுங்கள். ஜாங்கோ, ரெயில்ஸ் இரண்டிலும் அதற்கென்றே அமைப்பு உண்டு.

படி 5: குக்கீகளைப் பூட்டுங்கள்

செஷன் குக்கீக்குச் செக்யூர், எச்டிடிபிஒன்லி (ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது), சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு அது போவதைக் கட்டுப்படுத்தும்) மூன்றும் இருக்கட்டும். இன்னும் இறுக்க வேண்டுமென்றால், குக்கீயின் பெயரை இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட் என்ற சொல், ஒரு சிறுகோடு என்று தொடங்குங்கள். அப்படிப் பெயர் வைத்தால், செக்யூர் அடையாளம் இல்லாமலோ, டொமைன் குறிப்பிட்டோ, பாதை வேராக இல்லாமலோ வரும் குக்கீயை பிரவுசரே ஏற்காது. சப்டொமைன் ஒன்றைக் கைப்பற்றியவர் உங்கள் செஷன் குக்கீயை மாற்றி வைக்கும் தந்திரம் இதோடு அடைபட்டுவிடும்.

லாகின் ஆனதும் செஷன் எண்ணைப் புதிதாக உருவாக்குங்கள். மாற்றத்துக்கு முன் எச்டிடிபியில் உலவிய பழைய எண் யார் கண்ணில் பட்டிருந்தாலும் அது இனி செல்லாது.

படி 6: எச்எஸ்டிஎஸ், கொஞ்சம் கொஞ்சமாக

இவ்வளவு செய்தும் ஓர் இடைவெளி மிச்சம். எச்டிடிபியில் வரும் முதல் கோரிக்கையும், அதற்கு நீங்கள் தரும் 301ம் திறந்த இணைப்பில்தான் போகின்றன. நடுவில் இருப்பவர் அந்த 301ஐ விழுங்கிவிட்டு, தான் உங்கள் சர்வரோடு எச்டிடிபிஎஸ்ஸிலும், பயனரோடு எச்டிடிபியிலும் பேசிக்கொண்டிருக்கலாம். மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2009இல் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியில் செய்து காட்டியது இதைத்தான்.

இதற்கு மருந்து, ஆர்எஃப்சி 6797 என்ற இணையத் தர ஆவணமாக 2012இல் வந்த எச்எஸ்டிஎஸ், அதாவது ஸ்ட்ரிக்ட்-டிரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி ஹெடர். இத்தனை நொடிகளுக்கு என்னிடம் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்வது அது. அதன்பின் யாராவது எச்டிடிபி முகவரியைத் தட்டினாலும் பிரவுசர் தனக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும், திறந்த கோரிக்கை வெளியே போகவே போகாது. சான்றிதழ் பிழை வந்தால், பரவாயில்லை என்று தாண்டிப் போகும் வழியும் அடைக்கப்படும். எச்டிடிபி பதிலில் இந்த ஹெடரை வைத்தால் பிரவுசர் கண்டுகொள்ளாது, எச்டிடிபிஎஸ் பதிலில்தான் வைக்க வேண்டும்.

எடுத்தவுடன் ஒரு வருடம் போடாதீர்கள். 300 நொடியில் தொடங்குங்கள். எதுவும் உடையவில்லையென்றால் 604800, அதாவது ஒரு வாரம். பிறகு 2592000, அது 30 நாள். கடைசியில்தான் 31536000 என்ற ஒரு வருடக் கணக்கு. பின்வாங்க வேண்டி வந்தால் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கலாம். ஆனால் அந்தப் பூஜ்ஜியத்தையும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் கொடுக்க முடியும். சான்றிதழே போய்விட்ட நிலையில் அது உதவாது.

என்ஜின்எக்ஸில் ஹெடரைச் சேர்க்கும்போது ஆல்வேஸ் என்ற சொல்லையும் சேர்த்தால் பிழைப் பக்கங்களிலும் அது போகும். இன்னொன்று, லொகேஷன் பிளாக்கில் வேறு ஏதாவது ஹெடரைச் சேர்த்திருந்தால், மேலே எழுதிய ஹெடர்கள் அங்கே இறங்கி வராது. எச்எஸ்டிஎஸ் சில பக்கங்களில் மட்டும் காணவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

சப்டொமைன்களையும் சேர்க்கும் விருப்பத்தைத் தொடுவதற்கு முன், உள் வேலைக்கு மட்டும் பயன்படும் சப்டொமைன்கள் எச்டிடிபியில் ஓடுகின்றனவா என்று ஆளுக்கு ஆள் கேட்டுவிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று கட்டாயம் இருக்கும். முன்கூட்டியே பிரவுசருக்குள் பதியப்படும் ப்ரீலோட் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே. குறைந்தது 31536000 நொடி, எல்லாச் சப்டொமைன்களும், ப்ரீலோட் என்ற சொல், அதே ஹோஸ்டில் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ரீடைரக்ட் ஆகியவற்றை அது கேட்கும். இந்தக் கடைசி நிபந்தனையால்தான், வெறும் டொமைனின் எச்டிடிபியிலிருந்து நேரடியாக டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குத் தாவக் கூடாது. முதலில் அதே பெயரின் எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அங்கிருந்து அடுத்த பெயருக்கு. பட்டியலில் சேர்வது எளிது. வெளியே வந்தாலும், அந்த மாற்றம் பயனர்களின் பிரவுசர்களுக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும்.

டெவலப்பர்களுக்கு ஒரு வார்த்தை: லோக்கல்ஹோஸ்டில் எச்எஸ்டிஎஸ் ஓடவிடாதீர்கள். அது ஹோஸ்ட் பெயருக்கு ஒட்டுவது, போர்ட்டுக்கு அல்ல. ஒரு புராஜெக்ட் வைத்த ஹெடரால், வேறொரு போர்ட்டில் ஓடும் இன்னொரு புராஜெக்ட் திறக்காமல் போகும். மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 7: ஏபிஐக்கு ரீடைரக்ட் வேண்டாம்

ஏபிஐ என்பது மற்ற நிரல்கள் உங்கள் சர்வரோடு பேசும் வாசல். பிரவுசருக்குப் பொருந்தும் மரியாதை நிரல்களுக்குப் பொருந்தாது. எச்டிடிபி முகவரியை உள்ளமைத்துவிட்ட நிரல் ஒன்று, ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கனை (தன்னை அடையாளம் காட்டும் ரகசியக் குறியை) திறந்த இணைப்பில் அனுப்பும். நீங்கள் 301 கொடுப்பீர்கள், அதன் லைப்ரரி பேசாமல் பின்தொடர்ந்து சரியான பதிலை வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஓடுவதால் யாருக்கும் தெரியாது, வருடக்கணக்கில் டோக்கன் கசிந்துகொண்டிருக்கும். ஏபிஐயின் ஹோஸ்டில் 80 போர்ட்டை மூடுங்கள், அல்லது தெளிவான செய்தியோடு 403 கொடுங்கள். எச்டிடிபியில் வந்த டோக்கனை ரத்து செய்வது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் அதுதான் நேர்மையான நடவடிக்கை.

எச்டிடிபி உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள்

உண்டு, ஆனால் அரிது. ரத்தான சான்றிதழ்களின் பட்டியலை எச்டிடிபியில் தருவதற்குக் காரணம் இருக்கிறது: அதை எச்டிடிபிஎஸ்ஸில் வைத்தால், அந்தச் சான்றிதழைச் சரிபார்க்க மறுபடி ஒரு பட்டியல் வேண்டும். டிஎல்எஸ் தெரியாத பழைய கருவிகளும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி டொமைன் ஒன்றை ஒதுக்குங்கள். லாகின், குக்கீ எதுவும் அங்கே வேண்டாம். முக்கிய டொமைனின் சப்டொமைனாக வைத்தால், பிறகு எச்எஸ்டிஎஸ் விரிவாகும் நாளில் அது சிக்கிக்கொள்ளும்.

படி 8: சோதனை

பிரவுசரை நம்பாதீர்கள். பழைய 301உம் எச்எஸ்டிஎஸ் நினைவும் கண்ணைக் கட்டும். குரோமின் நெட்வொர்க் பகுதியில் 307 என்றும் இன்டர்னல் ரீடைரக்ட் என்றும் தெரிந்தால், அது உங்கள் சர்வர் கொடுத்ததல்ல, எச்எஸ்டிஎஸ் நினைவால் பிரவுசரே செய்துகொண்டது. கட்டளை வரியில் ஓடும் கர்ல் கருவியில் ஹெடரை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டு இணைப்பு, டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளதும் இல்லாததும், ஆக நான்கு சேர்க்கை. ஒவ்வொன்றையும் ஆழமான ஒரு பாதையும் கேள்வி அளபுருவும் சேர்த்துச் சோதியுங்கள். நான்கும் ஒரே முகவரியில் முடிய வேண்டும், இரண்டு தாவலுக்கு மேல் போகக் கூடாது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு 80 போர்ட்டின் லாகைத் தனியாகப் பிரித்து வையுங்கள். குரோம் 2021இல் வந்த 90ஆம் பதிப்பிலிருந்தே, முகவரிப் பட்டையில் வெறும் பெயரைத் தட்டினால் முதலில் எச்டிடிபிஎஸ்ஸைத்தான் முயல்கிறது. ஆகவே இன்னமும் எச்டிடிபியில் வருகிற கோரிக்கைகளில் பல, எங்கோ எழுதி வைக்கப்பட்ட பழைய முகவரியிலிருந்து வருபவை. மின்னஞ்சல் டெம்ப்ளேட், சைட்மேப், கனானிகல் இணைப்பு, மொபைல் செயலியின் உள்ளமைவு, பேமென்ட் கேட்வேயில் கொடுத்த திரும்பும் முகவரி என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். பேமென்ட் கேட்வேயிலிருந்து தொடங்குவது நல்லது. அது போஸ்ட் முறையில் திரும்பி வருவதாக இருந்தால், உங்கள் 301 அதைக் கெட்டாக மாற்றிவிடும், பணம் போயிருந்தும் ஆர்டர் பதியாது.